கழற்றி வைத்த மூடி

தண்ணீர் மீட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பாதி வீட்டுக்காரர்களுக்குச் சொல்லத் தெரியாது. மீட்டர்காரருக்குத் தெரியும். மாடிப்படிக்கு அடியில், குப்பைத்தொட்டிக்குப் பின்னால், நாய் கட்டியிருக்கும் இடத்திலிருந்து சரியாக ஓரடி தள்ளி. இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாகப் போய்க் குனிந்து நம்பர் எழுதியதில் அவருக்கு இன்னொன்றும் புரிந்திருந்தது. ஜனங்கள் எதை வேண்டாம் என்று ஒதுக்குகிறார்களோ அதை மீட்டருக்குப் பக்கத்தில்தான் போடுகிறார்கள். கால் போன கட்டில், காற்றுப் போன சைக்கிள், மூட்டை மூட்டையாகப் பழைய செய்தித்தாள். எப்போதாவது ஒருமுறை, தார்ப்பாய்க்கு அடியில் ஒரு மெஷின்.

அதைக் கண்டுவிட்டால் அவருக்கு அன்றைக்கு வேலை ஓடாது. அந்தத் தெருவில் மிச்சமிருக்கும் வீடுகளுக்கெல்லாம் அரக்கப் பரக்க நம்பர் எழுதிவிட்டு, திரும்ப அந்த வீட்டு வாசலில் வந்து நிற்பார். "அம்மா, அந்த டிரில் மெஷினைக் குடுக்கிற ஐடியா இருக்கா?" என்பார். பெண் கேட்க வந்தவர்போல அவ்வளவு பணிவாக இருக்கும் குரல்.

அவர் வீட்டில் கார் கிடையாது. ஆனால் முன்னால் குடியிருந்தவர்கள் கார் நிறுத்தக் கட்டிய கொட்டகை இருந்தது. அதில்தான் அவர் மரவேலை செய்துவந்தார். ஆளுயர டிரில் மெஷின், வட்ட ரம்பம், தேய்க்கும் மெஷின் என்று எல்லாமே வரும்போது உயிரில்லாமல் வந்தவை. துரு சுரண்டி, மோட்டார் பிரித்து, பேரிங் மாற்றி, ஒவ்வொன்றாக ஓட வைத்திருந்தார். அவற்றைக் கொண்டு செய்த ஸ்டூலும் அலமாரியும் குறைவுதான். மெஷின்களைச் சரிசெய்வதிலேயே பாதி ஆயுள் போய்விட்டது.

"எனக்கு முட்டி வலின்னு சொன்னா இந்த மனுஷன் காதுல விழ ஒரு மாசம் ஆகும்" என்பாள் மனைவி. "நாலு வீடு தள்ளி யாரோட மிக்ஸியிலயோ பேரிங் போச்சுன்னா இங்க இருந்தே கண்டுபிடிச்சிடுவார்."

இழைப்பு மெஷின் கிடைத்தது பாட்டு டீச்சர் வீட்டு மாடிப்படிக்கு அடியில். டீச்சரின் தம்பி வாங்கிப் போட்டது. "ரெண்டே நாள் ஓட்டினான்" என்றார் டீச்சர். "நான் உள்ள பாட்டுச் சொல்லிக்குடுக்கிறேன், இவன் வெளிய பிசாசு மாதிரி கத்த விடறான். ஒரே சண்டை. இப்ப அவன் வேற ஊர்ல இருக்கான், இது இங்க இருக்கு. தயவுசெஞ்சு எடுத்துட்டுப் போங்க." விலை ஒரு நிமிடத்தில் படிந்துவிட்டது.

அந்த மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எதிரெதிராக இரண்டு நீளமான இரும்பு மேசைகள். நடுவே நாலு விரல் அகல இடைவெளி. இடைவெளியில், மூன்று பிளேடு பதித்த ஓர் உருளை, நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்று சுற்றும். கோணல் பலகையை மேசைமேல் வைத்து அந்த உருளையைத் தாண்டித் தள்ளினால் அடிப்பக்கம் கண்ணாடிபோல ஆகிவிடும். உருளைக்கு மேலே ஓர் இரும்பு மூடி இருக்கும். பலகை வரும்போது ஒதுங்கி வழிவிடும், பலகை போனதும் ஸ்பிரிங் இழுத்து மூடிக்கொள்ளும். அந்த மூடி எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

தூக்கி வர மாப்பிள்ளைதான் வந்தார். மாப்பிள்ளை என்றால் மீட்டர்காரருடைய தங்கையின் கணவர். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சலூன் வைத்திருப்பவர். திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. நண்பரின் சின்ன லாரியை ஓட்டிக்கொண்டு வந்தவர், படிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு அப்படியே நிமிர்ந்தார்.

"மச்சான், இது மெஷினா? இல்ல, யாராவது ஆனையை இரும்புல வார்த்து வச்சிருக்காங்களா?"

"புடிங்க மாப்பிள்ளை. பேசிட்டே இருந்தா அது தானா நடந்து வராது."

"நடந்து வந்தாலும் வரும். உங்க முகத்தைப் பார்த்தா அதுக்கே ஆசை வந்துடும் போல."

இருவருமாகத் தம் கட்டி, மூன்று இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கி, நாலாவது தடவையில் லாரியில் ஏற்றினார்கள். மாப்பிள்ளைக்கு மரவேலையில் ஆர்வம் கிடையாது. மச்சானிடம் ஆர்வம் இருந்தது. திங்கட்கிழமை மத்தியானங்களில் கொட்டகைக்கு வந்து, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, வாரம் முழுக்கச் சலூனில் கேட்ட கதைகளை அவிழ்த்து விடுவார். மீட்டர்காரர் துருவைச் சுரண்டிக்கொண்டே கேட்பார். இருவருக்கும் அது பிடித்திருந்தது.

இரண்டு மாதம் ஆயிற்று. மண்ணெண்ணெயில் நனைத்த இரும்பு நாரால் மேசைகளைத் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் அதில் தன் முகம் மங்கலாகத் தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்தார். மோட்டார் "உம்" என்று முனகியதே தவிரச் சுற்றவில்லை. பிரித்தால் கெபாசிட்டர் வயிறு உப்பிப் போயிருந்தது. அதை மாற்றினார். புது பேரிங் உருளைத் தண்டில் ஏற மறுத்தது. சுத்தியலால் அடித்து ஏற்ற மனம் வராமல், உருளையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃபிரிட்ஜின் ஐஸ் அறையில் ஒருநாள் வைத்தார். குளிரில் இரும்பு மயிரிழை அளவு சுருங்கும். பால் எடுக்கப் போன மனைவி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் பேரிங் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல ஏறிவிட்டது.

மூன்று பிளேடுகளையும் சாணை பிடித்து, ஒரே உயரத்தில் நிறுத்த இரண்டு சாயங்காலம் பிடித்தது. கடைசியாக மூடி. துருவில் அது சொறி பிடித்ததுபோல இருந்தது. சுரண்டி, பச்சைப் பெயின்ட் அடித்து, புது ஸ்பிரிங் போட்டு, ஒரே ஒரு போல்ட்டால் மாட்டினார். விரலால் ஒதுக்கிவிட்டால் டப்பென்று திரும்பி வந்து மூடியது. பத்துப் பதினைந்து தடவை ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

அந்தத் திங்கட்கிழமை மாப்பிள்ளை வருவதற்கு அரைமணி நேரம் முன்னால், வேலை முடிந்து வந்து கொட்டகையில் நின்று மெஷினைப் பார்த்தார். எல்லாம் பளபளவென்று இருந்தது. ஆனால் எதை ஐஸ் பெட்டியில் வைத்துத் திட்டு வாங்கினாரோ, எதற்காக இரண்டு சாயங்காலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாரோ, அந்த உருளை மட்டும் மூடிக்குள் மறைந்திருந்தது. அது வெள்ளிபோல மின்னிக்கொண்டு சுற்றுவதை மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஸ்பேனரை எடுத்தார். ஒரே போல்ட். மூடியைக் கழற்றிச் சுவரில் ஆணியில் தொங்கவிட்டார். பார்த்து முடித்ததும் மாட்டிவிடலாம் என்று நினைத்தார்.

மாப்பிள்ளை வரும்போது கையில் ஒரு பலகை இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு முடிவெட்டும்போது நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே போட்டு, அதன்மேல் பிள்ளையை உட்கார வைப்பார்களே, அதற்காக. பழையது விரிசல் விட்டுவிட்டதாம்.

"உங்க ஆனைக்குட்டியோட முதல் வேலை என் கடைக்குத்தான். சொல்லிட்டேன்."

மீட்டர்காரர் சுவிட்சைப் போட்டார். மெஷின் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு சீராகப் பாட ஆரம்பித்தது. அதிர்வே இல்லை. மேசைமேல் ஒரு தீக்குச்சியை நிறுத்தி வைத்தார், அது விழவில்லை. மாப்பிள்ளை வாளியிலிருந்து எழுந்து வந்து, அந்த வெள்ளிப் பளபளப்பைப் பார்த்து, "அடேங்கப்பா" என்றார். இரண்டு மாத உழைப்புக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

பலகையை மீட்டர்காரர் இரண்டு தடவை தள்ளிக் காட்டினார். சீவல்கள் சுருள் சுருளாகப் பறந்தன. "நானும் ஒரு தடவை தள்ளிப் பார்க்கவா?" என்று மாப்பிள்ளை கேட்டார். பலகை கொஞ்சம் குட்டையானது. குட்டைப் பலகை என்றால் கை பிளேடுக்குப் பக்கத்தில் போய்விடும். அது மீட்டர்காரருக்குத் தெரிந்தே இருந்தது.

"முன்பக்கம் கையை வைக்காதீங்க. இந்தக் கட்டையால பின்னாடி இருந்து தள்ளுங்க."

"சரி சரி. கத்தியோட பொழைக்கிறவன் நான், எனக்கேவா?"

பலகையில் ஒரு கணு இருந்தது. பிளேடு அதில் இடித்ததும் பலகை துள்ளிப் பின்னால் தெறித்தது. அதை அழுத்திக்கொண்டிருந்த இடது கைக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் போயிற்று. அந்த நேரம் மூடி அங்கே இருந்திருந்தால் டப்பென்று வந்து மூடியிருக்கும். மெஷினின் பாட்டு ஒரு கணம், அரைக் கணம்கூட இல்லை, வேறு மாதிரி ஒலித்தது. அவ்வளவுதான்.

மாப்பிள்ளை கத்தவில்லை. "மச்சான்" என்றார், யாரோ கடைக்கு வந்திருப்பதைச் சொல்வதுபோல. மீட்டர்காரர் பாய்ந்து சுவிட்சை அணைத்தார். உருளை நிற்கவில்லை. பேரிங் அவ்வளவு நன்றாக இருந்தது. மின்சாரம் போன பிறகும் அது தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. துண்டால் கையைச் சுற்றிக் கட்டி, பக்கத்து வீட்டுக்காரரைக் கார் எடுக்கச் சொல்லி, மனைவியைக் கூப்பிட்டு, இவ்வளவும் செய்யும்போது பின்னால் அந்தச் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டிருந்தது அவர் காதில் விழுந்தபடியே இருந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் துண்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "துண்டானதை எடுத்துட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மேல் கணு வரை காணவில்லை.

"இல்லை. தோணலை."

"போய்ப் பாருங்க. கிடைச்சா ஈரத்துணியில சுத்தி, கவர்ல போட்டு, ஐஸ்மேல வச்சு எடுத்துட்டு வாங்க. ஓடுங்க."

ஓடினார். கையில் செய்ய ஒரு வேலை கிடைத்ததில் மீட்டர்காரருக்குத் தெம்புகூட வந்தது. அதே காரில் வீட்டுக்குத் திரும்பி, கொட்டகைத் தரையில் மண்டியிட்டு, மெஷினுக்கு அடியில் குவிந்திருந்த சீவல்களைக் கை கையாக அள்ளிப் பிரித்தார். மனைவி சமையலறைக்குப் போய் மாவு சலிக்கும் சல்லடையை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். அவர் அள்ளிப் போட, அவள் சலித்தாள். மரத்தூள் கீழே இறங்கியது. சுருள்கள் மேலே நின்றன. சில சுருள்கள் சிவப்பாக இருந்தன. அவற்றை அவள் தனியாக ஒரு தட்டில் எடுத்து வைத்தாள். அதை ஏன் வைக்கிறோம் என்று அவளுக்கும் தெரிந்திருக்காது. குவியல் முழுவதும் தீர்ந்தபோது கிடைத்தது ஒரு நகத்துண்டு. அதுவும் பாதி.

அதை ஈரத்துணியில் சுற்றி, கவரில் போட்டு, ஐஸ்மேல் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் கவரைத் திறக்கவில்லை. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். "வெட்டுப்பட்டிருந்தா ஒட்டவைக்கப் பார்க்கலாம். இது அரைச்சிருக்குங்க. ஒட்டவைக்க எதுவும் இல்லை. எலும்பைக் கொஞ்சம் சீவி, தோலை இழுத்து மூடிடுவோம்."

தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் தங்கை, அலுவலக அடையாள அட்டை கழுத்தில் தொங்க, அதற்குள் வந்து சேர்ந்திருந்தாள். டாக்டரிடம் அவள்தான் பேசினாள். எத்தனை நாளில் ஆறும், கையை எப்போது நனைக்கலாம், மடக்க முடியுமா, வேலை செய்ய முடியுமா. "என்ன வேலை?" என்று டாக்டர் கேட்டார். "முடிவெட்டறவர்" என்றாள். டாக்டர் பேனாவை மூடினார். "இடது கைதானே" என்றார்.

டாக்டருக்குத் தெரியவில்லை. முடிவெட்டுகிறவருக்குக் கத்தரிக்கோல் வலது கையில் இருந்தாலும் வேலை இடது கையில்தான் இருக்கிறது. முடியை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே பிடித்து இழுத்து, எவ்வளவு வேண்டும் எவ்வளவு வேண்டாம் என்று அந்த இரண்டு விரலும்தான் முடிவு செய்கின்றன. கத்தரி, அவை காட்டிய கோட்டில் போகிறது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மீட்டர்காரர் முதலில் செய்த காரியம், ஆணியிலிருந்து மூடியை எடுத்து மெஷினில் மாட்டியது. போல்ட்டை இறுக்கினார். எதற்காக இப்போது மாட்டுகிறோம் என்று கேட்டுக்கொள்ள அவருக்குத் துணிவில்லை.

நாலு நாள் கழித்துத் தங்கை வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்ததை மீட்டர்காரர் ஒரே மூச்சில் சொன்னார்.

"மாப்பிள்ளை, மூடி நல்லாத்தான் இருந்துச்சு. மாட்டித்தான் வச்சிருந்தேன். நீங்க பார்க்கணும்னு நான்தான் கழட்டி வச்சேன்."

"தெரியும் மச்சான்."

"தெரியுமா?"

"ஆணியில தொங்கினதைப் பார்த்தேனே. பச்சை நல்லா இருக்கேன்னுகூட நினைச்சேன். நீங்களும் கட்டையால தள்ளச் சொன்னீங்க, நான்தான் கேக்கலை. விடுங்க." அப்புறம் சிரித்தார். "பரவாயில்ல மச்சான். இனிமே யாராவது பத்து வேலை சொன்னா, எட்டுதான் முடியும்னு சொல்லிடலாம்."

மீட்டர்காரருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தங்கை மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, இங்க பாரு. நீ இப்ப அழுதா, நாங்க ரெண்டு பேரும் உன்னைத் தேத்தணும். எனக்கு அதுக்குத் தெம்பு இல்லை. அழறதுன்னா வீட்டுக்குப் போய் அழு."

திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவள் திட்டவே இல்லை. காபி போட்டுக் கொடுத்துத்தான் அனுப்பினாள்.

ஆறு வாரம் கழித்துச் சலூன் திறந்தது. காயம் ஆறிவிட்டது, ஆனால் விரல் நுனிகள் ஆறவில்லை. வெட்டிய முடித்துணுக்கு பட்டால் ஊசியால் குத்துவதுபோல இருக்கும். ஈரத் தலையைத் தொட்டால் குளிர் தோள் வரை ஏறும். குட்டை விரல்களுக்கு நடுவே முடி நிற்காமல் நழுவும். முதல் ஆளாக மீட்டர்காரர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பின்னந்தலையில் படிக்கட்டு கட்டியதுபோல இருந்தது. அடுத்த வாரமும் போனார். அதற்கு அடுத்த வாரமும் போனார்.

"மச்சான், வெட்டறதுக்கு ஏதாவது இருந்தாத்தானே வெட்டுவேன்?" என்றார் மாப்பிள்ளை, அவருடைய மண்டையைத் தடவிக்கொண்டே. "வளரட்டும். வளர்ந்ததும் வாங்க."

தன் தலைமுடி இவ்வளவு மெதுவாக வளரும் என்று மீட்டர்காரர் நினைத்ததே இல்லை. அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர்களை அனுப்பப் பார்த்தார். அவர்கள் அவருடைய பின்னந்தலையைப் பார்த்துவிட்டு, போன வாரம்தான் வெட்டினோம் என்றார்கள். பழைய வாடிக்கையாளர்கள் வந்து நலம் விசாரித்தார்கள், பேப்பர் படித்தார்கள், "இன்னைக்கு அவசரம், அப்புறம் வரேன்" என்று கிளம்பினார்கள். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. அவரவர் தலை அவரவருக்கு.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. கொட்டகைக்குப் போய் ஒரு மரத்துண்டை எடுத்தார். விரலில் தொப்பிபோல மாட்டிக்கொள்ள இரண்டு மர நுனிகள். உள்பக்கம் குடைந்து மெத்தென்று துணி ஒட்டி, வெளிப்பக்கம் முடி நழுவாமல் இருக்க ரப்பர் பதித்தார். இரண்டு வாரம் ராப்பகலாக அதே நினைப்பு. மாப்பிள்ளை மாட்டிப் பார்த்தார். "அட, நல்லா இருக்கே" என்றார். ஆனால் முடியை இழுத்ததும் தொப்பி கழன்று கைக்கு வந்தது. சரி, உள்ளே கொஞ்சம் இறுக்கமாகச் செய்யலாம். அடுத்த ஜோடி வலித்தது. அதற்கடுத்தது கனமாக இருந்தது. மரம் போய் பிளாஸ்டிக், பிளாஸ்டிக் போய் தோல். திங்கட்கிழமைதோறும் ஒரு புது ஜோடி. மாப்பிள்ளை ஒவ்வொன்றையும் மாட்டி, விரலை மடக்கி நீட்டி, "இது போன தடவையைவிடப் பரவாயில்ல மச்சான்" என்பார். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு மீட்டர்காரர் அடுத்த வாரத்தை ஓட்டுவார். எந்த மெஷின்தான் முதல் தடவையிலேயே ஓடியிருக்கிறது?

பதினோராவது ஜோடியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியபோது தங்கை வாசல் வரை வந்தாள். கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

"அண்ணே, போதும்."

"இந்தத் தடவை சரியா வந்திருக்கும்மா. கொஞ்சம் பழகணும், அவ்வளவுதான்."

"அதை மாட்டினா அவருக்குக் கை நாள் முழுக்க வலிக்குது. மாட்டி மாட்டிப் புண்ணாயிடுச்சு. நீ போனதும் கழட்டி டப்பாவுல போட்டுட்டு, கையை அக்குள்ல இடுக்கிக்கிட்டு உக்காந்திருக்கார். உன்கிட்ட சொல்ல மாட்டார். நீ ஆசையா செஞ்சுட்டு வர்றியாம், மனசு கஷ்டப்படுமாம்." அவள் குரல் ஏறவில்லை. "அவர் அதை உனக்காக மாட்டிக்கிறார்ண்ணே. அவருக்காக இல்லை."

மீட்டர்காரர் செருப்பை மாட்டினார். இடது செருப்பில் வலது காலை விட்டு, கழற்றி, மறுபடி மாட்டினார். "அப்ப நான் என்னதான்மா செய்யறது?" என்று கேட்டார்.

"ஒண்ணும் செய்யாதே" என்றாள் அவள். கோபமில்லாமல்தான் சொன்னாள். உள்ளே போய்விட்டாள்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. மெஷினையாவது ஒழித்துக்கட்டலாம் என்று விற்கப் பார்த்தார். சொந்தமாக மேசை நாற்காலி செய்யப் போவதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். மீட்டர்காரர் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார், பச்சை மூடியைத் தொட்டுக் காட்டினார். வந்தவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, மேசையைத் தடவிப் பார்த்து, "அருமையா பண்ணியிருக்கீங்க" என்றார். பிறகு குனிந்து, "இந்த மூடி ஒரு போல்ட்தானே? கழட்டிட்டா அகலப் பலகைக்குக் கொஞ்சம் வசதியா இருக்குமோ?" என்று கேட்டார்.

"விக்கிறதா இல்லைங்க" என்றார் மீட்டர்காரர். வந்தவர் விலையை ஏற்றிக் கேட்டார். பிறகு கோபப்பட்டார். கடைசியில் போய்விட்டார். மெஷின் இனி ஓடாதபடி மீட்டர்காரர் அதன் பெல்ட்டை அறுத்து எடுத்தார். பழைய இரும்புக்குப் போடவும் மனம் வரவில்லை. யாரோ ஒருவர் அதைக் குப்பையிலிருந்து தூக்கிக்கொண்டு போய், தன்னைப் போலவே துருவைச் சுரண்டி, பேரிங் மாற்றி, ஓட வைத்துவிடுவார் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அது அங்கேயே நின்றது.

வருடம் திரும்புவதற்குள் சலூனில் ஒரு மாற்றம் வந்தது. மாப்பிள்ளை இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டு, முடிவெட்டத் தெரிந்த ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார். கெட்டிக்காரி. மளமளவென்று வேலை செய்வாள், அதிகம் பேச மாட்டாள். பேசுவதை மாப்பிள்ளை பார்த்துக்கொண்டார். கூட்டம் மெல்லத் திரும்பியது. அவர் முடிவெட்டும் மெஷினால் மொட்டையடிக்கிற ஆட்களை மட்டும் எடுத்துக்கொண்டார், மற்ற நேரம் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து கதை சொன்னார். குளிர் நாட்களில் இடது கையில் ஒரு கம்பளி உறை. அவர் கதைக்கு எல்லாரும் சிரித்தார்கள். கடை நடந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் மீட்டர்காரர் போனார். மூன்று மாதம் தொடாமல் வளர்த்த முடி, காதை மூடிக் கழுத்தில் புரண்டது. அலுவலகத்தில் கேலி செய்துவிட்டார்கள். அவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் வளர்த்திருந்தார். நேராக மாப்பிள்ளையின் நாற்காலிக்குப் போனார்.

"அட, காடு வளர்த்திருக்கீங்களே" என்றார் மாப்பிள்ளை பெஞ்சிலிருந்து. "அங்க இல்ல மச்சான். அந்தப் பக்கம் உக்காருங்க. அந்தப் பொண்ணு நல்லா வெட்டும்."

"நீங்க வெட்டுங்க மாப்பிள்ளை. நேரமானாலும் பரவாயில்ல. படிக்கட்டு மாதிரி வந்தாலும் பரவாயில்ல."

கடையில் இரண்டு பேர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார்கள். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் சிரிக்காமல் இருந்தார். அவரை அப்படி மீட்டர்காரர் பார்த்ததே இல்லை.

"உங்களுக்குப் பரவாயில்ல. எனக்கு அப்படி இல்ல மச்சான்" என்றார் மெதுவாக. "கடைல எல்லாரும் இருக்காங்க. அந்தப் பக்கம் உக்காருங்க."

மீட்டர்காரர் எழுந்து மற்ற நாற்காலிக்குப் போனார். அந்தப் பெண் துணியை உதறிப் போர்த்தினாள், தண்ணீர் தெளித்தாள், ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே முடியைப் பிடித்து இழுத்தாள். கத்தரி ஓடியது. கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவருக்கு இவ்வளவு ஒழுங்காக யாரும் வெட்டியதில்லை.

மாப்பிள்ளை எழுந்து வந்தார். தூரிகையை எடுத்து அவர் கழுத்திலும் தோளிலும் ஒட்டியிருந்த முடியை வலது கையால் தட்டிவிட்டார். கம்பளி உறை போட்ட கை சட்டைப் பைக்குள் இருந்தது.

"எந்திரிங்க மச்சான்" என்றார். "ஆள் காத்திருக்கு."